அக்காவின் பழைய பம்ப்: பதினொரு மாத அனுபவம்

நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய முதல் பழைய பிரஸ்ட் பம்பை (தாய்ப்பாலைப் பிழிந்து எடுக்கும் மெஷின்) ஒரு வேளைகூட நான் பயன்படுத்தவில்லை. அடுத்து அக்காவிடமிருந்து வந்த பழைய பம்ப் பதினொரு மாதம் உழைத்தது. இரண்டுமே செகண்ட் ஹேண்ட்தான். ஒன்றை ஏன் குப்பையில் போட்டேன், இன்னொன்றை எப்படி நம்பினேன் என்று இப்போது கர்ப்பமாக இருக்கும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட எழுதிவிடுவது சுலபம்.

மகள் 34 வாரத்தில் பிறந்தாள். பன்னிரண்டு நாள் என்ஐசியு, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. நேராக மார்பில் குடிக்க அவளுக்குத் தெம்பில்லை. கையால் பிழிந்து எடுத்த சீம்பாலை நர்ஸ் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுந்து எடுக்க வேண்டும், விட்டால் சுரப்பு குறைந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் கட்டைவிரல் மடங்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் புது டபுள் பம்ப் விலையைப் பார்த்து மலைத்துப்போன என் வீட்டுக்காரர் ஒரு விளம்பரத்தைப் பிடித்தார். "ஆறு மாசம்தான் யூஸ் பண்ணினோம், கழுவித் தர்றோம்" என்றார்கள். அன்று சாயங்காலமே போய் வாங்கி வந்துவிட்டார்.

மார்பில் வைக்கும் கப், பாட்டில் எல்லாவற்றையும் அம்மா கொதிநீரில் போட்டு எடுத்தாள். பளபளவென்றுதான் இருந்தது. டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன், மோட்டாரில் மாட்டும் முனைக்குப் பக்கத்தில் உள்சுவரில் மிளகுப்பொடி தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். டியூபைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு அந்த ஓட்டையில் மூக்கை வைத்தேன். பால் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்து மறுநாள் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை.

இது ஏன் நடக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. மோட்டார் பாலை இழுப்பதில்லை, டியூப் வழியாகக் காற்றைத்தான் இழுத்து இழுத்து விடுகிறது. 'குளோஸ்டு சிஸ்டம்' பம்பில் கப்புக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு சிலிகான் சவ்வு இருக்கும். பால் ஒரு பக்கம், காற்று மறுபக்கம், இரண்டும் சந்திக்காது. 'ஓப்பன் சிஸ்டம்' பம்பில் அந்தத் தடுப்பு கிடையாது. பாலின் ஈரமும், சில சமயம் பாலுமே, டியூபில் ஏறி மோட்டார்வரை போய்விடும். கப்பைக் கொதிக்க வைக்கலாம், மோட்டாரை எந்தச் சட்டியில் போடுவது? பூஞ்சை கண்ணுக்காவது தெரிகிறது. எச்ஐவி, சைட்டோமெகலோ போன்ற வைரஸ்கள் தாய்ப்பாலில் வரக்கூடியவை, அவை கண்ணுக்குத் தெரியாது. ஒருவருக்கென்று செய்த பம்பை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, பலர் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்ததை மட்டும்தான் பகிரலாம் என்பது அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ சொல்வது. குழந்தை டாக்டரிடம் கேட்டேன். "குறைமாசக் குழந்தை, வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான். நாலாயிரம் போயிற்று. விற்றவர்களைத் திட்டவும் தோன்றவில்லை. கழுவித்தான் கொடுத்திருந்தார்கள், கழுவ முடிகிற இடத்தையெல்லாம்.

ஆஸ்பத்திரியிலேயே வாடகைக்குக் கொடுப்பவரின் நம்பர் கிடைத்தது. வந்தது மெடெலா சிம்ஃபனி. பல தாய்மார் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவே செய்த மெஷின் அது. பால் படுகிற பாகங்கள் அடங்கிய கிட்டை அவரவர் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகையும் கிட்டும் சேர்த்து முதல் மாதம் ஏழாயிரத்தைத் தாண்டியது. வலித்தது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் சுரப்பு நிலைத்ததற்கு அந்த மெஷின்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு விஷயம்: விளம்பரங்களில் 'ஹாஸ்பிடல் கிரேடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பெயருக்கு எஃப்டிஏவிடம் வரையறை எதுவும் கிடையாது. பலர் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அக்காவின் பம்ப் வந்தது 26 வார லீவு முடிந்து நான் ஆபீஸ் திரும்பிய சமயத்தில். அவள் இருப்பது நியூஜெர்சியில். அங்கே ஒபாமா காலத்துச் சட்டத்துக்குப் பிறகு இன்சூரன்ஸிலேயே பல தாய்மாருக்குப் பம்ப் கிடைத்துவிடுகிறது. பிள்ளை வளர்ந்ததும் அது பரணில் ஏறும், இல்லாவிட்டால் ஊருக்கு வருகிற யாருடைய சூட்கேஸிலாவது ஏறும். இது குளோஸ்டு சிஸ்டம். ஆனாலும் பெட்டியில் 'ஒருவருக்கு மட்டும்' என்றுதான் போட்டிருந்தது. அதை மீறித்தான் எடுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. மகளுக்கு ஆறு மாதம் தாண்டி எடை தேறியிருந்தது. அக்காவின் எச்ஐவி, ஹெபடைடிஸ் ரிசல்ட் எல்லாம் கேட்டுப் பார்க்க முடிந்தது. குழந்தை டாக்டருக்கும் தெரிவித்திருந்தேன். இதே பம்பை முகம் தெரியாதவரிடமிருந்து வாங்கியிருப்பேனா என்றால், மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் பிளக்கில் செருகும் முன் அடாப்டர் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பின்னை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றிருந்தால் நம் ஊர் கரண்டில் செருகிய நிமிஷமே கதை முடிந்தது.

மோட்டாரைத் தவிர எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். கப், டியூப், வால்வ், தடுப்புச் சவ்வு, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு. 'ஓசியில் வந்த பம்ப்' என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம் இந்தத் தொகையை நினைவுபடுத்துவேன். கப்பில் அளவு வேறு உண்டு. பொதுவாக வரும் 24 மி.மீ. எனக்கு உரசிப் புண்ணாக்கியது, 21 வாங்கிய பிறகுதான் நிம்மதி.

ஆபீஸில் பழைய ஃபைல்கள் அடுக்கிய ரெக்கார்ட் ரூம்தான் எனக்கு ஒதுக்கப்பட்ட இடம். தாழ்ப்பாள் கிடையாது, கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வேன். பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை. எடுத்த பால் துணிப்பைக்குள் ஒளிந்து ஃபிரிட்ஜில் சாம்பார் டப்பாக்களுக்கு நடுவே இருக்கும், சாயங்காலம் ஐஸ் பேக்கோடு மின்சார ரயிலில் தாம்பரம் போகும். பிழிந்த பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்று சொல்கிறார்களே, அது 25 டிகிரிவரை உள்ள அறைக்கு. சென்னையில் மே மாதம் அந்த 25 ஏசிக்குள்தான் இருக்கிறது.

ஐந்தாவது மாதம் பால் குறைந்தது. ஒரு வேளைக்கு 140 மி.லி. வந்துகொண்டிருந்தது நூறானது, அப்புறம் எண்பது, ஒரு திங்கட்கிழமை அறுபது. அம்மா களத்தில் இறங்கினாள். வாரம் இரண்டு நாள் சுறாப் புட்டு, மீதி நாள் பூண்டுக் குழம்பு. நான் ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்து அந்த அறுபதைப் பார்த்து அழுதேன். பழைய பம்ப் என்பதால் மோட்டார் போய்விட்டதோ என்று சந்தேகம், மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும்போது நான்தான் வற்றிவிட்டேனோ என்று பயம். ஒரு ராத்திரி பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வால்வை விளக்குக்கு எதிரே பிடித்தேன். வாத்து மூக்கு மாதிரி ஒரு சிலிகான் துண்டு, நுனியில் ஒரு கீறல். அந்தக் கீறல் இறுக மூடியிருக்க வேண்டும். எனதில் நூலளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான் கோளாறு. இழுக்கும்போது காற்று அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. தினமும் பல வேளை ஓடுகிற பம்பில் இதை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம், நான் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன். ஜோடி முந்நூறு ரூபாய். மாற்றிய மறுநாள் 130. அம்மா இன்றைக்கும் அது சுறாப் புட்டின் வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புது பம்ப் என்றால் வாரண்டியில் போன் போட்டுக் கேட்டிருப்பேன். பழையதில் கேட்க ஆள் கிடையாது, எந்தக் கோளாறு வந்தாலும் முதல் சந்தேகம் மோட்டார் மேல், அடுத்தது நம் உடம்பின் மேல் போகிறது. பழைய பம்பின் விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி முதலில் தளர்ந்தது. வந்தபோது இரண்டு வேளைக்குத் தாங்கியது, எட்டாம் மாதம் வயரைச் செருகாமல் ஒரு வேளைகூட முடியாது. மோட்டாரும் கடைசி இரண்டு மாதம் கொஞ்சம் அசந்தது. ஆரம்பத்தில் இழுக்கும் வேகத்தை ஐந்தில் வைத்துப் போதுமாக இருந்தது, பிறகு எட்டில் வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் மகளுக்கு ஒன்றரை வயதை நெருங்கிக்கொண்டிருந்தது, சோறு தின்கிறாள், பகலில் பம்ப் தேவைப்படவில்லை. நிறுத்திவிட்டேன்.

எப்போதாவது கல்யாணத்துக்கோ சினிமாவுக்கோ போகும்போது ஒரு வேளை எடுத்து வைக்கத்தான் வேண்டுமென்றால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். புதிதாக ஒரு கைப் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் எடுக்க வேண்டியவர்கள் முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் பழையதுதான் கட்டுப்படியாகும் என்றால், கொடுப்பவரிடம் பிராண்ட் பெயர் கேட்கும் முன் குளோஸ்டா ஓப்பனா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் டியூபைக் கழற்றி ஓடவிட்டு மோந்து பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண், ஏழு மாதக் கர்ப்பம், "அக்கா, உங்க பம்ப் சும்மாதானே இருக்கு?" என்றாள். கேட்டது அவளாக இருந்ததால் மறுக்கச் சங்கடமாக இருந்தது. பேட்டரி செத்துவிட்டது, மோட்டார் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டது என்று சொல்லி, வாடகைக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பம்பை இறக்கி, டியூபைக் கத்தரியால் நான்காக வெட்டிப் போட்டேன். மோட்டாரை எடைக்குப் போடுவதா வேண்டாமா என்று வீட்டுக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.