ஏற்காட்டில் எங்களை இறக்கிவிட்டுப் போன கார் திரும்பி வரவே இல்லை. 26,500 ரூபாய் போச்சு!

நாளை ராத்திரி பெங்களூரில் ஃபிளைட். பெட்டிகள் கட்டி ஹாலில் கிடக்கின்றன, எனக்குத் தூக்கம் வரவில்லை. சேலத்தில் கார் புக் பண்ணப் போகிறவர்கள், முக்கியமாக எங்களைப் போல ரிட்டயர் ஆனவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிறோம். வர ஆறு மாதம் ஆகும் என்பதால் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுக் கிளம்ப நினைத்தோம். ஏற்காட்டில் நாத்தனார், ஆத்தூரில் சித்தப்பா, ராசிபுரத்தில் என் அம்மா. அம்மாவுக்கு 88 வயது. மூன்று நாள் கார், கடைசியில் பெங்களூர் ஏர்போர்ட் டிராப்.

புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம். அந்த ஓனர் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. வாய்க்கு வாய் அம்மா, அப்பா என்றார். டீ வாங்கி வரச் சொன்னார். எந்தத் தேதி ஃபிளைட், மகளுக்கு எத்தனையாவது மாதம், வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாம் விசாரித்தார். பிரசவ லேகியம் எடுத்துப் போகலாமா என்று நான் கேட்டதற்கு, "டப்பாவை நல்லா டேப் சுத்திடுங்கம்மா" என்று பிள்ளை மாதிரி சொன்னார். "முழுசாக் கட்டிட்டா 1,500 குறைச்சுக்கிறேன்" என்றதும் எங்க வீட்டுக்காரர் அங்கேயே ஜிபே பண்ணினார். 26,500 ரூபாய்.

முதல் நாளே கார் இரண்டு மணி நேரம் லேட். அதுவும் வெள்ளை போர்டு. கேட்டால், "டாக்ஸி வண்டி சர்வீஸ்ல இருக்கு, இன்னைக்கு மட்டும்மா" என்றான் டிரைவர். அப்போதே இறங்கியிருக்க வேண்டும். பதினோராவது வளைவில் பானெட்டிலிருந்து புகை. தண்ணீர் ஊற்றி, ஏசி இல்லாமல், எப்படியோ நாத்தனார் வீட்டில் கொண்டுவந்து விட்டான். "கீழே போய் வேற வண்டி எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனவன்தான். வரவே இல்லை.

மத்தியானம் ஓனருக்கு போன் செய்தால் "அடிவாரம் தாண்டிட்டாங்கம்மா" என்றார். நாலு மணிக்கு "மலையில சிக்னல் இல்ல". அப்புறம் ஒரு பெண் எடுத்து "சார் வெளியில போயிருக்கார்". இருட்டுகிற நேரத்தில், மூட்டு வலியோடு இருக்கும் எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, நாத்தனார் கொடுத்த காபித் தூளையும் மிளகையும் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் இருபது வளைவும் நின்றபடியே இறங்கினேன்.

மறுநாள் காலையே ஆபீஸுக்குப் போனோம். அதே நாற்காலி, அதே ஆள். இந்த முறை அம்மா இல்லை, "மேடம்". "ஏற்காடு போயிட்டீங்க இல்ல? சர்வீஸ் கொடுத்தாச்சு" என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். பணம் திருப்பித் தரப்படாதாம். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். "நீங்கதான் நாளன்னிக்கு ஃபாரின் போறீங்களே" என்றார்.

அவ்வளவு அக்கறையாகத் தேதி கேட்டது இதற்குத்தான்! ஊரிலேயே இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் 26,500 ரூபாயில் கை வைத்திருக்கிறார்.

அந்த அலைச்சலில் ஒரு நாள் போனது. ஆத்தூர் சித்தப்பாவிடம் போனில்தான் பேசினேன். இன்று ராசிபுரத்துக்கு பஸ்ஸில் ஓடி, அம்மாவோடு முக்கால் மணி நேரம் இருந்தேன். "அதுக்குள்ளயா கிளம்பற?" என்று கேட்டார்.

நிறைய எழுத நினைத்தேன், மணி இரண்டாகிவிட்டது. வாடகைக் காருக்கு மஞ்சள் போர்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறாதீர்கள். முழுப் பணமும் முன்னாலேயே கட்டாதீர்கள். ரசீதைத் திருப்பிப் பாருங்கள். எந்த நாள் டிராப் என்பதற்கு மேல் பயண விவரம் எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதுதான்.

நாளை மத்தியானம் வேறு வண்டி சொல்லியிருக்கிறோம். நம்பர் பிளேட் போட்டோவை வாங்கிப் பார்த்த பிறகுதான் 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன்.