எறும்பு பார்க்க ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்: கண்ணாடி தங்கம், விளக்கு சனியன்

கம்பாலாவில் இருக்கும் நண்பர் ஒருவர் "நீங்கள் வைத்திருக்கும் அதே மாடல் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பை (இரு கண்ணாலும் ஆழத்தோடு பார்க்கும் நுண்ணோக்கி) வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். என்னுடையது ஸூம் திருகு வழுக்கி, நைரோபியில் ரிப்பேர் முடிந்து இப்போதுதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 7 முதல் 45 மடங்கு உருப்பெருக்கம், லென்ஸைச் சுற்றி வளைய எல்இடி விளக்கு என்பதெல்லாம் தெரிந்ததுதான்.

கென்யாவின் லைகிப்பியாவில் முள்மரத்து எறும்புகளை மட்டும் பார்ப்பவருக்கு இது தேவையே இல்லை. அங்கே விசில் முள் மரத்தில் (முட்களின் அடி வீங்கி, உள்ளே எறும்பு குடியிருக்க இடம் தரும் அகேசியா) குடியிருப்பவை முக்கியமாக நான்கு இனங்கள். தலையும் நடுவுடலும் சிவந்து வயிறு கறுத்திருந்தால் கிரிமட்டோகாஸ்டர் மிமோசே. தலையும் வயிறும் கறுப்பு, நடு மட்டும் சிவப்பு என்றால் அதே கிரிமட்டோகாஸ்டர் பேரினத்தின் நைக்ரிசெப்ஸ். மரத்தின் மொட்டுகளையும் கடித்துப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். வீங்கிய முள்ளை விட்டுவிட்டு, வண்டுப்புழு குடைந்த தண்டில் வாழும் கறுப்பன் கிரிமட்டோகாஸ்டர் ஷோஸ்டெட்டி. ஒல்லியாக நீண்டிருப்பது டெட்ராபொனேரா பென்சிகி. கைலென்ஸ் போதும்.

தரையில் இறங்கினால்தான் வினை. ஃபெய்டோலே மெகாசெஃபாலா என்கிற பெரிய தலை எறும்பு லைகிப்பியாவுக்குள் புகுந்து மரத்து எறும்புகளைத் துரத்துகிறது. யானையைக் கடித்து விரட்டி மரத்தைக் காப்பவை அந்த மரத்து எறும்புகள்தான்; காவல் போன மரங்களை யானைகள் ஒடிக்கின்றன. மறைவு குறைந்ததால் சிங்கங்களுக்கு வரிக்குதிரை சிக்குவது குறைந்து, அவை காட்டெருமைப் பக்கம் திரும்பியதை லைகிப்பியாவின் ஓல் பெஜெட்டா வனவிலங்குக் காப்பகத்தில் நடந்து 2024இல் வந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு வில்லங்கம் பிடித்த எறும்பை அதே பேரினத்து உள்ளூர் ஃபெய்டோலேக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது என்ன? பெரிய வேலைக்காரியின் (கூட்டில் பெருத்த தலையுள்ள வேலைக்கார எறும்பு) தலையில் முன்பாதி கோடு கோடாக, பின்பாதி வழவழப்பாக இருக்கும். அப்புறம் இடுப்பில் இருக்கும் இரண்டு கணுக்களில் இரண்டாவதன் அடியில் ஒரு புடைப்பு.

அந்த வழவழப்பைத்தான் இந்த விளக்கு காட்ட மாட்டேன் என்கிறது! தலை முழுக்க எண்ணெய் தடவிய மாதிரி மின்னுகிறது. நடுவில் எல்இடி புள்ளிகளின் வட்டம் அப்படியே பிரதிபலிக்கிறது. கோடு எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? ஆல்கஹாலில் ஊறிய எறும்பு என்றால் இன்னும் மோசம். விற்ற கடையில் கேட்டதற்கு வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தால் மினுக்கம் போவதில்லை, எறும்புதான் இருட்டாகிறது. கடைசியில் ட்ரேசிங் பேப்பரைச் சுருட்டி எறும்பைச் சுற்றி நிறுத்தினேன். கோடுகள் எழுந்து வந்தன. இவ்வளவு விலை கொடுத்த பொருளுக்கு ஒரு தாள் துண்டுதான் வைத்தியம்.

ஆனால் லென்ஸ் கண்ணாடியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எறும்பை முக்கோண அட்டை நுனியில் ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பினால், அந்த அடிப்புடைப்பு ஆழத்தோடு தெரிகிறது. பெரிய தலையை மட்டும் பார்த்தால் கரேபாரா என்ற வேறு பேரினத்து எறும்பும் ஃபெய்டோலே போலவே ஏமாற்றும். ஆனால் உணர்கொம்பு நுனியின் தடித்த பகுதியில் கரேபாராவுக்கு இரண்டு கணு, நம்மூர் ஃபெய்டோலேக்கு மூன்று. நாற்பது மடங்கில் எண்ணிவிடலாம், கண் வலிக்காது. இதே விலையில் இதைவிடத் தெளிவான பார்வையை நான் கண்டதில்லை.

இருந்தும், வாங்காதீர்கள். பிடிவாதமாக வாங்கியே தீருவேன் என்றால், வளைய விளக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு வளையும் கழுத்துள்ள இரண்டு மேஜை விளக்குகளும் ஒரு கட்டு ட்ரேசிங் பேப்பரும் வாங்கிக்கொள்ளுங்கள்.