இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும் சையான்: ஆறு வருட அனுபவம்

முதல் நாள் இந்தக் கையடக்கக் கணினியைத் தோட்டத்து ஆபீஸ் மேசையில் வைத்தபோது, வேலையை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர் கேட்டார்: "என்ன கிராணி, கண்ணாடிக் கூடு புதுசா?" திறந்து காட்டினேன். மூடி பின்னால் சாய, கீபோர்டு தானாக முன்னால் நகர்ந்து வந்தது. மனிதர் அதை நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்தார். எனக்கு வயிறு கலங்கியது. ஏன் கலங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சையான் சீரீஸ் 5எம்எக்ஸ். 1999இல் வந்தது. 36 மெகாஹெர்ட்ஸ், 16 எம்பி நினைவகம், நிறமில்லாத 640க்கு 240 புள்ளித் திரை, எடை 350 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சையான் நிறுவனம் 2001லேயே இந்த வியாபாரத்தை விட்டு விலகிவிட்டது. பிற்பாடு நோக்கியா கைப்பேசிகளில் ஓடிய சிம்பியானுக்கு இதிலுள்ள இபாக் என்ற இயங்குமென்பொருள்தான் பாட்டன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, இது எதற்கு? குலைக் கணக்கு, எந்தக் காட்டில் எப்போது வெட்டு, லோரி வந்த நேரம் என்று சொந்தக் குறிப்புகள். சாயங்காலத்தில் கொஞ்சம் கதை, கட்டுரை. கைப்பேசியில் கட்டை விரலால் நாலு வரிக்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

முதலில் வாங்கியது இது இல்லை. கலர் திரை, வேகம் எல்லாம் உள்ள வேறொரு கையடக்கக் கணினி. பெயர் வேண்டாம். 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அதில் லித்தியம் பேட்டரி. இருபது வருடம் அலமாரியில் கிடந்த பேட்டரி எப்படி இருக்கும்? சார்ஜரைக் கழற்றினால் பத்து நிமிடம். புது பேட்டரி தேடினேன், கிடைத்ததும் அதே வயதுப் பழசு. விற்றவர் "சூப்பர் கண்டிஷன்" என்றது பெட்டியைத்தான் போலிருக்கிறது. அதற்கப்புறம் வேகம், திரை, மெமரி எதையும் நான் முதலில் பார்ப்பதில்லை. பேட்டரி மூலைக்கடையில் கிடைக்குமா என்றுதான் பார்க்கிறேன்.

அந்தச் சல்லடையில் மிஞ்சியவை இரண்டு. எச்பி 200எல்எக்ஸ், 1994இல் வந்தது, டாஸ் என்ற பழைய இயங்குமென்பொருள் ஓடும், அதற்கும் டபுள்-ஏ தான். ஆனால் கீபோர்டு கால்குலேட்டர் மாதிரி, பத்து விரலும் உட்காராது. ஆகவே சையான்.

பழைய சையான் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. திரையையும் உடம்பையும் இணைக்கும் பட்டையான ஒயர், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மடங்கி விரிகிறது. வருடக் கணக்கில் மடங்கினால் உள்ளே விரிசல் விழும். திரையில் குறுக்குக் கோடுகள் வரும், அப்புறம் திரையே போய்விடும். மண்டோர் திறந்து திறந்து மூடியபோது நான் தவித்தது இதற்காகத்தான். விற்பவரிடம் போட்டோ கேட்டுப் பயனில்லை. மெஷினை ஆன் செய்து, மூடியை மெதுவாக ஏற்றி இறக்கி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் கோடு மின்னி மறைந்தால் கூட விட்டுவிடுங்கள். பேட்டரி அறையில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு விற்ற ஈப்போ அண்ணன் முகம் சுளிக்காமல் மூன்று வீடியோ அனுப்பினார். 350 வெள்ளி.

கீபோர்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சாவிகள் சிறியவைதான், ஆனால் ஒவ்வொன்றும் நிஜமாகவே அமுங்கி எழும். ஒரு வாரத்தில் விரல் பழகிவிட்டது. இதை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டுதான் 2018இல் வந்த ஜெமினி என்ற கையடக்கக் கருவியின் கீபோர்டையும் வடிவமைத்தவர். ஜெமினியில் ஆண்ட்ராய்டு, தமிழ் தாராளமாக வரும். ஆனால் உள்ளே லித்தியம். சூடு கண்ட பூனை நான்.

வெயிலில் திரை அருமை. செம்பனை நிழலை விட்டு லோரிப் பாதைக்கு வந்தால் இன்னும் தெளிவு. ஆபீஸ் மங்கல் வெளிச்சத்தில்தான் கஷ்டம். பச்சை விளக்கு ஒன்று உண்டு, போட்டால் பேட்டரியைக் குடிக்கும். தினமும் ஒரு மணி நேரம், விளக்கில்லாமல் எழுதினால் எனக்கு மூன்று வாரம் தாங்குகிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மலிவு பேட்டரி மட்டும் வேண்டாம், ஒழுகினால் மெஷினே போச்சு.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கூத்து. டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. மனைவி சையானிலிருந்து இரண்டு பேட்டரியையும் எடுத்து ரிமோட்டில் போட்டுவிட்டார். பேட்டரி மாற்றும் நேரத்தில் நினைவகத்தைத் தாங்குவதற்கென்று உள்ளே காசு மாதிரி சிஆர்2032 ஒன்று உண்டு. அதை நான் இரண்டு வருடமாக மாற்றவில்லை. மறுநாள் திறந்தால், கடையில் புதிதாக வாங்கியது போல் மெஷின் என்னை வரவேற்றது. எல்லாம் காலி. "ரெண்டு பேட்டரிதானேங்க எடுத்தேன்" என்றார். தப்பு என்னுடையதுதான். காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற நினைவக அட்டையில் சேமித்தது அப்படியே இருந்தது, ஆனால் கடைசியாகச் சேமித்தது ஆகஸ்டில். இப்போது சனிக்கிழமைதோறும் நகல் எடுக்கிறேன்.

பெரிய குறை தமிழ். இதில் ஒரு எழுத்துக்கு 8 பிட்தான், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூனிகோட் கிடையாது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு, 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து, அட்டையைக் கணினியில் செருகி, தமிழுக்கு மாற்றித் திருத்த வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அதுவே இரண்டாம் வாசிப்பு ஆகிவிட்டது. ஆனால் ளகர, ழகரத்தில் இன்னும் தகராறு.

இணையம், படம், பாட்டு வேண்டும் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். நான் இப்போது இன்னொரு 5எம்எக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன், திரை செத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, சாவிகளும் மூடியும் உதிரிபாகத்துக்கு ஆகும். மனைவிக்குத் தெரியாது. ரிமோட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி பேட்டரி வாங்கி டிவிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.