குலசை தசரா ஒருநாள் பேக்கேஜ்: முன்பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

தசரா நெருங்கினால் போதும், குலசை என்று சொல்லும் குலசேகரன்பட்டினத்துக்குக் குடும்பத்தோடு போய்வர “ஒருநாள் பேக்கேஜ்” விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வரிசையாக வரும். தசரா முடிந்ததும் அதே ஆட்கள் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் என்று ஆரம்பிப்பார்கள். அப்படி ஒன்றில் மதுரையிலிருந்து நாங்கள் போய்ப் பணத்தையும் ஒரு நல்ல நாளையும் தொலைத்தோம். நடத்தியவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிவதுதான் உங்களுக்கு உபயோகம். பெயரை அடுத்த மாதமே மாற்றிக்கொள்வார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவு: தலைக்கு 1,400 ரூபாய், ஏசி வேன், அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி திருச்செந்தூர் தரிசனம், மதியச் சாப்பாடு, தேரிக்காட்டில் (செம்மணல் மேடுகள் உள்ள பகுதி) அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில், மணப்பாடு, சாயங்காலம் குலசை. கூடவே “சுத்தமான பதனி இலவசம்”, அதாவது பனையில் இறக்கும் இனிப்புச் சாறு. பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும். இந்த இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். சரியான நேரத்தில் கிளம்பினால் ஒரு நாளில் தாராளமாகப் பார்த்துவிடலாம். பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்டார்கள். அனுப்பியது நிறுவனக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் கூகுள் பே எண்ணுக்கு. ரசீது கேட்டதற்கு “ஸ்கிரீன்ஷாட் இருக்குல்ல, அதான் ரசீது” என்றார்கள்.

அன்று காலை ஏழு மணிக்கு மேல்தான் வண்டி வந்தது. ஏசி வேலை செய்யவில்லை. நம்பர் பிளேட் வெள்ளை. இதை எல்லோரும் கவனியுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் என்றால் சொந்த உபயோக வண்டி. காசு வாங்கிக்கொண்டு அதில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. வழியில் ஏதாவது ஆனால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் டிரைவர், “சார், சீசன் டயத்துல எல்லா வண்டியும் இப்படித்தான் ஓடுது” என்று சொல்லிவிட்டுப் பாட்டை வைத்துவிட்டார். மீதிப் பணத்தை ஏறும்போதே வாங்கிவிட்டார்கள், குழந்தைகள் ஏறி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு யார் இறங்கச் சொல்வது?

திருச்செந்தூரில் வண்டி நின்றதும் வேட்டி கட்டிய ஒருவர் தயாராக நின்றார். ஸ்பெஷல் தரிசனம், தலைக்கு 500, அரை மணி நேரத்தில் முருகனைப் பார்த்துவிடலாம் என்றார். கோவில் நிர்வாகத்தின் கட்டணத் தரிசனம் தனி, அதற்குக் கவுண்டரில் டிக்கெட் தருவார்கள். இவர் கையில் டிக்கெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று நாங்கள் பொது வரிசைக்குப் போனோம். அப்போது டிரைவர் சொன்னதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்: “அக்கா, நீங்க லேட்டா வந்தா அடுத்த இடமெல்லாம் கட் ஆயிரும், பார்த்துக்கோங்க.” இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது அவர்கள். அதற்கான விலையை நம் தலையில் வைப்பார்கள். பயந்து 500 கொடுத்தவர்கள் எங்கள் வேனிலேயே இருந்தார்கள். அவர்களும் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளியே வந்தார்கள்.

நாழிக்கிணற்றுக்குப் போக நேரம் இல்லை என்றார்கள். கடலுக்கு அத்தனை பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும் கிணறு அது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டத்தான் நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். சரி, போகட்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பேக்கேஜில் சேர்ந்தது என்றவர்கள், ஹோட்டலில் இறக்கிவிட்டபின் “சாதம் மட்டும்தான் சேர்ந்தது, மீன் குழம்பு தனி” என்றார்கள்.

தேரிக்காடு என்று சொல்லி அவர்கள் வண்டியை நிறுத்தியது உடன்குடி போகும் சாலையில் ஒரு கருப்பட்டிக் கடையில். செம்மண் மேடும் இல்லை, சுனையும் இல்லை, அய்யனாரும் இல்லை. “தேரி இந்தப் பக்கம்தான், மணல்ல வண்டி போகாது” என்று கையைக் காட்டினார் டிரைவர். அந்தக் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றோம். அன்று முழுக்க வேறு எங்கும் அவருக்கு அத்தனை பொறுமை இருக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நாம் வாங்குவதில் அவருக்குப் பங்கு இருக்கிறது.

எங்கள் கூட வந்த பெரியம்மா சாத்தான்குளத்துக்காரர். பனைக்கு நடுவில் வளர்ந்தவர். இலவசப் பதனியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரர், “ஆச்சி, காலைல இறக்குனது, குடிங்க” என்றார். பெரியம்மா கேட்டார்: “புரட்டாசியில எந்த மரத்துலப்பா பதனி வருது?” அந்த ஆள் அதற்குப் பதில் சொல்லவே இல்லை, உள்ளே போய்விட்டார்.

இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். அந்தப் பக்கம் பனை ஏறும் பருவம் ஏறக்குறைய மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு ஓய்ந்துவிடும். தசரா சமயத்தில் சாலையோரத்தில் “இன்று இறக்கிய பதனி” என்று விற்றால், அது பெரும்பாலும் சீனித் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு. கருப்பட்டிக்கும் இதே கணக்குதான். நல்ல கருப்பட்டி அப்போதும் கிடைக்கும், ஆனால் அது பருவத்தில் காய்ச்சி எடுத்து வைத்த சரக்காக இருக்கும். “இன்னைக்குக் காலைல காய்ச்சினது, சூடு ஆறலை” என்று ஒருவர் சொன்னால் அடுப்பில் இருப்பது சீனிப்பாகு.

உடைத்துப் பாருங்கள். சீனி கலந்தது உடைத்த இடத்தில் மினுமினுவென்று மின்னும், பல்லில் நறநறக்கும். அசலில் அந்த மினுக்கம் இருக்காது. தின்றால் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பு நிற்கும், பதனி புளிக்காமல் இருக்க மரத்தில் கட்டும் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் சாயல் அது. விலையையும் யோசியுங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குக் குறைந்தது எட்டு லிட்டர் பதனியாவது வேண்டும். மரம் ஏற ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் காலம் இது. அப்புறம் காய்ச்ச விறகு. இத்தனைக்கும் மேல் கிலோ 180 ரூபாய்க்கு ஒருவர் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார் என்றால் எப்படிக் கட்டுப்படியாகும்? உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயரை அச்சடித்த பையில் போட்டுத்தான் இதையும் விற்றார்கள். வேனில் வந்தவர்கள் பலர் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்கினார்கள். பெரியம்மா சத்தமாகச் சொல்லியும் சிலர் கேட்கவில்லை, இலவசமாகப் பதனி குடித்துவிட்டு வாங்காமல் எழுந்து போகக் கூச்சம்.

மணப்பாடு வெட்டுப்பட்டது. “இருட்டிருச்சு, அங்க ஒண்ணும் தெரியாது” என்றார்கள். கடலோர மணல் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் அங்கே இருக்கிறது. சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த படமே அந்த ஆலயம்தான்.

குலசையில் போலீஸ் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அது நியாயம், அந்தக் கூட்டத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் நடந்து போக, அம்மனைப் பார்க்க, திரும்பி வர எல்லாமாகச் சேர்த்து எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். முத்தாரம்மன் சன்னதியை எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. தெருவில் நின்று பார்த்தது மட்டும் லாபம்: காளி வேடத்தில் ஒரு கூட்டம், குறவன் குறத்தி, குரங்கு, போலீஸ், ராஜா, பின்னால் தாரை தப்பட்டை. மாலை போட்டு விரதம் இருந்து, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, அதை அம்மன் உண்டியலில் செலுத்துகிறவர்கள் இவர்கள். சின்னவள் காளியைப் பார்த்து அழுதபோது, அந்த வேடம் கட்டிய அண்ணனே ஒட்டு நாக்கைக் கழற்றிக்கொண்டு சிரித்துக் காட்டினார். தண்ணீர் கொடுத்தவர்களும் சாப்பாடு போட்டவர்களும் யாரிடமும் பைசா வாங்கவில்லை. திருவிழாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

போக நினைப்பவர்கள் இந்த வேன்களைத் தேடவே வேண்டியதில்லை. திருச்செந்தூர் வரை ரயில் இருக்கிறது, திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும். தசரா நாட்களில் குலசைக்கு அரசுச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். பத்தாம் நாள் சூரசம்ஹாரம் நள்ளிரவை ஒட்டிக் கடற்கரையில் நடக்கும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போவதற்கு அது ஏற்ற இரவு இல்லை. நடுவில் ஒரு நாள் போனால் வேடங்களையும் பார்க்கலாம், அம்மனையும் பார்க்கலாம். வண்டிதான் வேண்டும் என்றால் மஞ்சள் பிளேட் வண்டியை முழுதாக வாடகைக்கு எடுங்கள். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கும். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, சுங்கம் யார் கட்டுவது என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை வீட்டு வாசலில் இறங்கியபின் கொடுங்கள்.

நாங்கள் வந்ததும் பணத்தைக் கேட்டுப் போன் செய்தோம். “எல்லா ஊருக்கும் போனோம்ல, ரோட்டுல கூட்டம்னா நாங்க என்ன பண்றது” என்றார்கள். மறுநாள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம், வண்டி எண், வெள்ளை பிளேட்டின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். கருப்பட்டிக்கு மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. வேனில் வாங்கியவர் ஒருவரிடம் கேட்டு, உடைத்த கருப்பட்டியின் படமும் கடையின் பையும் அதில் அனுப்பினோம். இதைப் பதிவு செய்த பிறகு வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்கினால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். முழுப் பணமும் வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறோம். அதே வேனில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துத் தனியாக ஒரு புகார் போடுங்கள்.