படர்தாமரை மருந்துகள்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

படர்தாமரைக்கு ட்யூப் வாங்கினால், அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இந்த அரிப்போடு போராடிய பிறகு முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான்.

கணவருக்குத் தொடை இடுக்கில் ஆரம்பித்தது. அப்புறம் எனக்கு, உள்பாவாடை நாடா இறுகும் இடத்தில். மெடிக்கல் ஷாப்பில் அவருக்குக் கொடுத்த க்ரீமில் பூஞ்சை மருந்தோடு ஓர் ஆன்டிபயாட்டிக்கும் க்ளோபீட்டாசோலும் கலந்திருந்தன. இரண்டே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பும் மங்கியது. பூசுவதை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகத் திரும்பி வந்தது.

க்ளோபீட்டாசோல், பீட்டாமெத்தசோன், மோமெட்டாசோன் எல்லாம் ஸ்டீராய்டுகள். பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டும் சிவப்பையும் அரிப்பையும் அவை அடக்கிவிடும். அந்த மறைவில் பூஞ்சை பரவிக்கொண்டே போகும். வட்டத்தின் விளிம்பு அழிந்துவிடுவதால் பார்த்து அடையாளம் காண்பதும் கஷ்டம். இடுக்குத் தோல் மெலிந்து கோடு கோடாக விழும் தழும்பு மறையவே மறையாது. அவருக்கு இன்னும் இருக்கிறது. 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டவுடன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமை தீரவில்லை.

மாமியார் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துக் கொடுத்தார். சொறிந்து புண்ணான இடத்தில் பட்டதும் எரிச்சல் தாங்க முடியவில்லை.

தோல் டாக்டர் பிளேடால் விளிம்பை லேசாகச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழையைப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் மருந்து எழுதினார். இருவருக்கும் லூலிகோனசோல் க்ரீம், இட்ராகோனசோல் கேப்சூல்; இரண்டுமே பூஞ்சை மருந்துகள். முன்பு நன்றாகக் கேட்ட டெர்பினாஃபைன் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து இப்போது இந்தியாவில் பலருக்குச் சரியாகக் கேட்பதில்லை. அந்த மருந்துக்கு மசியாத ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை பரவியிருக்கிறது. கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அசிடிட்டி மாத்திரை அதன் வேலையைக் கெடுக்கும். சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு சேரவே கூடாது. ஈரல், இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

க்ரீம் துணியில் கறை படியவில்லை, எரியவும் இல்லை. வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும் என்பதால் ட்யூப் சீக்கிரம் காலியாகும், செலவுதான். ஸ்டீராய்டு க்ரீம் போல உடனே அரிப்பை நிறுத்தாது. முதல் வாரம் முழுக்க அரிப்பு இருந்தது. தோல் சுத்தமான பிறகும் 2 வாரம் பூசச் சொன்னார். ஒன்றுமே தெரியாத தோலில் தினமும் பூசுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஆனால் அதை முடித்தபோதுதான் நோய் திரும்பி வராமல் நின்றது.

துணி விஷயத்தையும் விடக் கூடாது. ஆளுக்கொரு துண்டு. உள்ளாடைகளை வெந்நீரில் தனியாக அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போட்டேன். பையனின் அரைஞாண் கயிற்றையும் டாக்டர் கழற்றச் சொன்னார். ஈரம் அதில் தங்கிக்கொண்டே இருக்குமாம்.

சின்னதாக ஒரே ஒரு வட்டம் என்றால், ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை க்ரீம் போட்டு 2 வாரம் பார்க்கலாம். அதில் குறையாவிட்டாலும், முகம், தலை, நகத்தில் வந்தாலும், வீட்டில் பலருக்குப் பரவினாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். தோல் சூடாகச் சிவந்து, வீங்கி வலித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இரவில் விரலிடுக்கில் அரிப்பு, வீட்டில் எல்லோருக்குமே அரிப்பு என்றால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, அரிக்காதவர்களும் சேர்ந்து பூச வேண்டும். வெளிறிய தேமல் போல ஒரு படை, அரிப்பே இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை என்றால் க்ரீம் எதுவும் வாங்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயாக இருந்தால் அதற்கான மாத்திரை அங்கே இலவசம், முழுதாகக் குணமாகும்.