மேல்மாடி ஷவருக்கு 120 வாட் பிரஷர் பம்ப்: வாங்கலாமா?

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனிலேயே மாட்டிவிடும் சின்ன பம்ப் இது. மேல்மாடியில் ஒரு பாத்ரூமுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு ஷவரை ஒரே நேரத்தில் திறந்தால் திணறும்.

10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது சுமார் ஒரு பார் அழுத்தம். ஷவருக்கு 2 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான்; அகலமான ரெயின் ஷவர் அதில் சொட்டத்தான் செய்யும். பம்ப் பெட்டியில் 12 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) என்று போட்டிருப்பது தண்ணீர் ஓடாதபோது அளந்த கணக்கு. குழாயைத் திறந்ததும் அது குறையும்.

ஆனால் அடைப்புக்கு இது மருந்தில்லை. ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைவென்றால் அதன் வாய்ச் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சுடுதண்ணீர் மட்டும் மெலிந்து வந்தால் கீசர் இன்லெட் வால்வைப் பாருங்கள். வீடு முழுக்கக் குறைவா? தொட்டிக்கடியில் உள்ள பழைய கேட் வால்வைச் சந்தேகப்படுங்கள். உள்ளே தகடு கழன்று விழுந்திருந்தாலும் கைப்பிடி என்னவோ வழக்கம்போலச் சுற்றும்! அதைத் தூக்கிவிட்டு, முழுத் துளை பால் வால்வு போடுங்கள்.

பொருத்தும்போது பம்ப்பின் மேல் எழுதிய அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். மோட்டார் தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். இருபுறமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), முன்னால் ஒரு ஃபில்டர், கரன்ட் போனாலும் தண்ணீர் வர நான்-ரிட்டர்ன் வால்வோடு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) பைபாஸ், அதாவது பம்ப்பைச் சுற்றிப் போகும் மாற்றுக் குழாய். பிளம்பர்கள் அடிக்கடி மறப்பது ஏர் பைப்பை (லைனில் சேரும் காற்று வெளியேற மாடியில் வாய் திறந்து நிற்கும் குழாய்): அது பம்ப்புக்குப் பின்னால் இருந்தால் ஷவருக்குப் போக வேண்டிய தண்ணீர் மாடியில் கொட்டும். பம்ப்புக்கு முன்னால் மாற்றுங்கள்.

இந்தப் பம்ப்பின் பலவீனம், தண்ணீர் ஓடுவதை உணர்ந்து மோட்டாரைப் போடும் ஃப்ளோ சுவிட்ச்தான். நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டராவது தானாக ஓடினால்தான் ஆட்டோவில் மோட்டார் கிளம்பும். ஷவரில் அதுகூட வரவில்லையென்றால் மேனுவலில்தான் ஓட்ட வேண்டும். குழாயை மூடியதும் மறக்காமல் நிறுத்துங்கள். அதே சுவிட்ச்சால் ஒரு லாபமும் உண்டு: ஒழுகும் ஃப்ளஷ் டேங்குக்காக நடுராத்திரியில் ஓடாது. குழாயில் அழுத்தம் குறைந்ததும் கிளம்பும் பிரஷர் சுவிட்ச் வகைகளில் அந்தத் தொல்லை உண்டு. ஃப்ளோ சுவிட்ச்சுக்குள் இருக்கும் காந்தப் பிஸ்டனில் உப்போ மண்ணோ சிக்கினால் மோட்டார் கிளம்பாது, அல்லது நிற்காது. கழற்றிக் கழுவினால் சரியாகும்.

மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த பம்ப் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மின்சாரத்தைத் துண்டித்து வால்வை மூடுங்கள். மோட்டார் முகப்பின் நடுத் திருகைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் தண்டை நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.