ஊசியைத் தூக்கினாலும் உறுமும் இசைத்தட்டுக் கருவி: ஆறு ஆண்டு அனுபவம்

பெல்ட்டில் சுழலும் இந்தக் கருவியைப் பழையதாக வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பாட்டுக் கேட்ட நேரம் அதிகமா, அதைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அதிகமா என்று வீட்டில் கேட்பார்கள். முதல் ஓராண்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்கிய நாள் முதலே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். ஊசி தேய்ந்திருக்கும் என்றார்கள்; மாற்றினேன். பெல்ட்டையும் மாற்றினேன். உறுமல் அசையவில்லை. ஊசியைத் தூக்கி வைத்திருக்கும்போதும், மோட்டாரை நிறுத்திய பிறகும் அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதை அன்றே கவனித்திருந்தால் இரண்டு செலவும் மிச்சம்.

ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயரில் இசைத்தட்டுக்கென்றே உள்ள ஃபோனோ பகுதி அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குகிறது. போதாததற்கு, இசைத்தட்டில் கீழ்த்தொனிகளைக் குறைத்தே பதிந்திருப்பார்கள். கேட்கும்போது அவற்றைத் தனியாகக் கூட்டித் தர வேண்டும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் விழுவது சரியாக அந்த இடத்தில். எர்த் கொஞ்சம் தளர்ந்தாலும் அது பாட்டோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிடும்.

டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஊசி பொருத்திய கைத்தண்டின் உலோகத்தை விரலால் தொட்டேன். உறுமல் பாதியாகக் குறைந்தது. எர்த்தேதான். ஆனால் எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் இறுக்கமாக இருந்ததே! பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பலகையைக் கழற்றினேன். மறுமுனையில் சோல்டர் விட்டுப்போய், வயர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பற்றவைக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.

அதன் பிறகும் மெல்லிய உறுமல் ஒன்று மிஞ்சியது. கைத்தண்டு தட்டின் நடுப்பக்கம் நகர நகர அது கூடியது. பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயர், அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டடி தள்ளி வைத்தேன், போய்விட்டது.

உறுமல் தவிர, பாட்டின் நடுவே 'டொக்' என்று சத்தம் கேட்டால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி. அதே இடைவெளியில் விழுந்தால் பெரும்பாலும் தட்டில் கீறல். ஒழுங்கில்லாத பொரிச்சல் என்றால் தூசியோ பூஞ்சையோ. எங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சைக்கு என்ன குறை? எல்பி எனும் வினைல் தட்டுகளை டிஸ்டில்டு வாட்டரில் கழுவுகிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது. அவை அரக்கு, கரைந்துவிடும்.

இப்போது மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ஸ்பீக்கரில் ஒரு 'டப்'. எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுக்கச் சொல்கிறார். சுவரை உடைக்க வேண்டும் என்றதும் வீட்டில் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.